கம்பைல் செய்த பைத்தான் எக்ஸ்டென்ஷன்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவுவதும் வெளியிடுவதும்

முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய பேக்கேஜை எந்தக் கணினியில் போட்டாலும் ஓடும். அதற்குள் சி, சி++, ரஸ்ட் என ஏதாவது ஒன்றில் எழுதிய பகுதி சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. கம்பைலர் தரும் கோப்பு லினக்ஸிலும் மேக்கிலும் .எஸ்ஓ, விண்டோஸில் .பிஒய்டி. அது ஒரு பிராசஸர் வகைக்கும் ஓர் இயங்குதளத்துக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு பைத்தான் பதிப்புக்கும் கட்டுப்பட்டது. கம்பைலர் இல்லாதவரும் அதை நிறுவிக்கொள்ளும்படி கட்டித் தருவதுதான் வீல் கோப்பு.

வீல் விஷயத்தில் முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. எந்த வீலை எடுப்பது என்பதை, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப், கோப்பின் பெயரை வைத்துத்தான் முடிவு செய்கிறது. உள்ளே இருக்கும் எஸ்ஓ கோப்பு அந்தப் பெயருக்குப் பொருந்துகிறதா என்று திறந்து பார்ப்பதில்லை. பெயர் ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று இருப்பதால்தான் இந்த வேலையில் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன. வெளியிடுகிறவரின் பொறுப்பே அந்தப் பெயரை உண்மையாக்குவதுதான்.

பெயரைப் படிப்பது

மின்னல் என்ற பேக்கேஜை எடுத்துக்கொள்வோம். அதன் வீல் ஒன்றின் பெயர் இப்படி இருக்கும்:

மின்னல்-1.4.0-சிபி312-சிபி312-மேனிலினக்ஸ்_2_28_எக்ஸ்86_64.டபிள்யூஎச்எல்

பேக்கேஜ் பெயருக்கும் பதிப்பெண்ணுக்கும் பிறகு மூன்று டேக்குகள் வருகின்றன. முதல் சிபி312 என்பது சிபைத்தான், அதாவது வழக்கமான பைத்தான், 3.12. இரண்டாவது சிபி312 ஏபிஐ, அதாவது பைத்தானின் உள் அமைப்புகளோடு இந்தக் கோப்பு ஒட்டும் விதம். கடைசியாக வருவது இயங்குதளம்: ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.28 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள 64 பிட் இன்டெல் வகை லினக்ஸ். உங்கள் கணினி எந்த டேக்குகளை எந்த வரிசையில் ஏற்கும் என்று பார்க்க:

பைத்தான் -எம் பிப் டீபக் --வெர்போஸ்

இந்தப் பட்டியலில் இல்லாத டேக் உள்ள வீலை பிப் தொடாது. பொருந்தும் வீல் எதுவும் கிடைக்காவிட்டால் எஸ்டிஸ்ட் எனப்படும் மூலத் தொகுப்பை இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். "நான் ஒரு பேக்கேஜைத்தானே நிறுவச் சொன்னேன், ஏன் கம்பைலர் பிழை வருகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

நிறுவுகிறவருக்கு

முதலில் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதற்குள் பிப்பைப் புதுப்பியுங்கள். பழைய பிப்புக்குப் புதிய டேக்குகள் தெரியாது. மேனிலினக்ஸ்2014 டேக் பிப் 19.3 முதலும், மேனிலினக்ஸ்_2_28 போன்ற எண் வடிவ டேக் பிப் 20.3 முதலும்தான் புரியும். அதற்கு முந்தைய பிப், சரியான வீல் கண்முன் இருந்தும் அதைத் தாண்டிப் போய் கம்பைல் செய்ய ஆரம்பிக்கும்.

பிறகு இப்படி நிறுவுங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --ஒன்லி-பைனரி=:ஆல்: மின்னல்

இப்படிச் சொன்னால் பிப் வீலை மட்டுமே ஏற்கும், கம்பைலர் பக்கம் போகாது. பொருந்தும் வீல் இல்லையென்றால் உடனே தெளிவாகச் சொல்லிவிடும். சர்வர்களிலும் டாக்கர் இமேஜ்களிலும் எப்போதும் இந்தச் சுவிட்சோடு நிறுவுவது நல்லது. ஒரு நாள் ஒரு வீல் காணாமல் போனால் அமைதியாக அரை மணி நேரம் கம்பைல் ஆவதைவிட, அப்போதே நின்றுவிடுவது மேல்.

வீல் கிடைக்காததற்கு வழக்கமான காரணங்கள் நான்கு. பைத்தானின் புதிய பதிப்பு அக்டோபரில் வந்ததும் நீங்கள் மாறியிருப்பீர்கள், பேக்கேஜ்காரர்கள் இன்னும் மாறியிருக்க மாட்டார்கள். அல்லது விண்டோஸில் தெரியாமல் 32 பிட் பைத்தானை நிறுவியிருப்பீர்கள். அல்லது ஆல்பைன் லினக்ஸில் இருப்பீர்கள். அது ஜிலிப்சிக்குப் பதில் மசல் பயன்படுத்துவதால் மேனிலினக்ஸ் வீல்கள் ஒத்துவராது, மசல்லினக்ஸ் டேக் உள்ள வீல்தான் வேண்டும். அல்லது ஏஆர்எம் பிராசஸராக இருக்கும். முதல் காரணத்துக்கு ஒரு பதிப்பு முந்தைய பைத்தானுக்குப் போவதுதான் சுலபமான தீர்வு.

கம்பைல் செய்தே தீர வேண்டுமென்றால், டெபியனிலும் உபுண்டுவிலும் பில்ட்-எசென்ஷியலும் பைத்தான்3-டெவ் பேக்கேஜும் வேண்டும். ஃபெடோராவில் அதன் பெயர் பைத்தான்3-டெவெல். "பைத்தான்.எச்: நோ சச் ஃபைல்" என்று வந்தால் இந்த ஹெடர் பேக்கேஜ் இல்லை, அல்லது வேறு பதிப்புக்கானது இருக்கிறது என்று அர்த்தம். 3.12இல் ஓடும் சூழலுக்கு 3.11இன் ஹெடர் உதவாது. மேக்கில் எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால் போதும், முழு எக்ஸ்கோட் தேவையில்லை. விண்டோஸில் "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 ஆர் கிரேட்டர் இஸ் ரிக்வயர்ட்" என்று வரும். அதற்கு விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸை இறக்கி, "டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++" என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பல ஜிபி இடம் பிடிக்கும். ரன்டைம் மட்டும் தரும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவிவிட்டு ஏன் சரியாகவில்லை என்று பலர் திகைப்பார்கள்; அதில் கம்பைலர் கிடையாது.

பிழைச் செய்தியைக் கீழிருந்து படிக்காதீர்கள். கடைசியில் வரும் "சப்பிராசஸ்-எக்சிட்டட்-வித்-எரர்" ஒன்றும் சொல்லாது. மேலே போய் "எரர்:" என்று வரும் முதல் வரியைத் தேடுங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

இணையம் இல்லாத கணினிக்கு வேண்டுமென்றால், அதே இயங்குதளமும் அதே பைத்தானும் உள்ள இன்னொரு கணினியில் பிப் டவுன்லோட் கொடுத்து எல்லா வீல்களையும் ஒரு கோப்புறையில் சேர்த்து, அதைக் கொண்டுபோய் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் கொடுத்து நிறுவுங்கள். --பிளாட்ஃபார்ம் சுவிட்ச் கொடுத்து விண்டோஸிலிருந்தே லினக்ஸ் வீல்களை எடுக்கலாம்தான். ஆனால் "லினக்ஸில் மட்டும் தேவை" என்று குறித்த துணை பேக்கேஜ்களை, பிப் தான் ஓடும் கணினியை வைத்தே கணக்கிடுகிறது. அதனால் சில விடுபட்டுப்போகும்.

லினக்ஸ்: பழையதில் கட்டுங்கள்

வெளியிடுகிறவருக்கு லினக்ஸில்தான் அதிக வேலை. ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பெண் ஒட்டியிருக்கும். உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35. அங்கே கம்பைல் செய்த கோப்பை 2.28 உள்ள ரெட் ஹேட் 8இல் போட்டால், "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்று இம்போர்ட்டிலேயே நின்றுவிடும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது.

இதற்காகவே மேனிலினக்ஸ் டாக்கர் இமேஜ்கள் இருக்கின்றன. மேனிலினக்ஸ்2014 இமேஜ் சென்ட்ஓஎஸ் 7இன் மேல் கட்டியது, ஜிலிப்சி 2.17. மேனிலினக்ஸ்_2_28 ஆல்மாலினக்ஸ் 8இன் மேல் கட்டியது. சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2_28ஐயே எடுங்கள். மிகப் பழைய சர்வர்களில் பயனர்கள் இருப்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 2014 போதும். அடிப்படை பழையதாக இருந்தாலும் கம்பைலர் பழையதல்ல. இந்த இமேஜ்களில் புதிய ஜிசிசி இருக்கிறது, புதிய சி++ வசதிகளுக்கு வேண்டிய பகுதிகளை அது உங்கள் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடும்.

கட்டி முடித்ததும் கிடைக்கும் வீலில் வெறும் லினக்ஸ்_எக்ஸ்86_64 என்ற டேக் இருக்கும். பேக்கேஜ்களை வெளியிடும் பொதுத் தளமான பைபிஐ அதை ஏற்காது. கோப்பின் பெயரைக் கையால் மாற்றி ஏற்றிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே சொன்ன பொய்ப் பெயர் இப்படித்தான் உருவாகிறது. ஆடிட்வீல் கருவியை ஓட்டுங்கள். ஆடிட்வீல் ஷோ என்று கொடுத்தால், இந்த வீல் உண்மையில் எந்த டேக்குக்குத் தகுதியானது, எந்த லைப்ரரியும் ஃபங்ஷனும் தடையாக நிற்கின்றன என்று சொல்லும். ஆடிட்வீல் ரிப்பேர் அதைச் சரிசெய்யும்.

ரிப்பேர் செய்த வீலை அன்சிப் செய்து பாருங்கள், நடந்தது புரியும். மின்னல்.லிப்ஸ் என்று ஒரு புதிய கோப்புறை வந்திருக்கும். நீங்கள் சார்ந்திருந்த லைப்ரரிகள் அங்கே நகலாகியிருக்கும். ஒவ்வொன்றின் பெயரிலும் எட்டு எழுத்து ஹாஷ் ஒட்டியிருக்கும். அந்த ஹாஷ் இல்லாவிட்டால், இன்னொரு பேக்கேஜ் அதே பெயரில் வேறு பதிப்பை ஏற்கெனவே ஏற்றியிருக்கும்போது இரண்டும் மோதும். உங்கள் எஸ்ஓ கோப்பின் ஆர்பாத், அதாவது லைப்ரரிகளைத் தேடும் பாதை, $ஆரிஜினில் (எஸ்ஓ இருக்கும் இடத்தில்) தொடங்கி அந்தக் கோப்புறையைச் சுட்டும்படி மாறியிருக்கும். லிப்சி, லிப்எம், லிப்எஸ்டிடிசி++ போன்றவை எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ளவை; அவற்றை நகலெடுக்காது. ஜிபியு டிரைவரோடு வரும் லிப்கூடா போன்றவை வீலுக்குள் போகவே கூடாது, அவற்றை --எக்ஸ்க்ளூட் கொடுத்து ஒதுக்குங்கள்.

லிப்பைத்தானோடு லிங்க் செய்யாதீர்கள். லினக்ஸில் அந்த ஃபங்ஷன்களை ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானே தருகிறது. லிங்க் செய்தால், லிப்பைத்தான் தனிக் கோப்பாக இல்லாத கணினிகளில் மாட்யூல் ஏறாது. -மார்ச்=நேட்டிவ் என்ற கம்பைலர் சுவிட்சும் ஆகாது. உங்கள் பிராசஸரில் உள்ள புதிய கட்டளைகள் பயனரின் பழைய பிராசஸரில் இல்லையென்றால், "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று பைத்தானே செத்து விழும், ட்ரேஸ்பேக்கூட வராது.

மேக்: இரண்டு பிராசஸர், ஒரு கையெழுத்து

மேக்கில் கவனிக்க வேண்டியது மேக்ஓஎஸ்எக்ஸ்_டெப்ளாய்மென்ட்_டார்கெட் என்ற சூழல் மாறி. எந்தப் பழைய பதிப்பு வரை ஓட வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. அதை நீங்கள் குறிக்காவிட்டால், கட்டும் பைத்தான் எந்தப் பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதுவே டேக்காகிவிடும். பைத்தான்.ஆர்க் நிறுவியில் இது 3.12.5 வரை 10.9, 3.12.6 முதலும் 3.13க்கும் 10.13. ஹோம்ப்ரூ பைத்தானோ நீங்கள் வைத்திருக்கும் மேக்ஓஎஸ் பதிப்புக்கே கட்டப்பட்டது. அதில் கட்டிய வீல் உங்களைப் போலப் புதிய மேக் வைத்திருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே வெளியிடும் வீல்களை பைத்தான்.ஆர்க் நிறுவியால் போட்ட பைத்தானில் கட்டுங்கள்.

சார்ந்த லைப்ரரிகளுக்கும் இதே விதிதான். ஹோம்ப்ரூவில் எடுத்த லைப்ரரியை உள்ளே சேர்க்கப் போனால், ஆடிட்வீலின் வேலையை மேக்கில் செய்யும் டிலோகேட் கருவி அதன் குறைந்தபட்சப் பதிப்பு அதிகம் என்று மறுக்கும். அந்த மறுப்பு நியாயமானது. லைப்ரரியை அதே டார்கெட்டோடு நீங்களே மூலத்திலிருந்து கட்டுங்கள், அல்லது வீலின் டார்கெட்டை உயர்த்துங்கள்.

ஆப்பிள் சிலிக்கானுக்கு ஏஆர்எம்64, பழைய இன்டெலுக்கு எக்ஸ்86_64 என்று இரண்டு வீல்கள் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கும் யுனிவர்சல்2 இருக்கிறது, ஆனால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிப் சரியான ஒன்றைத் தானே தேர்ந்தெடுப்பதால் அதில் லாபம் குறைவு. ஏஆர்எம்64க்கு 11.0க்குக் கீழே டார்கெட் கிடையாது.

ஏஆர்எம்64இல் கோட் சிக்னேச்சர் இல்லாத கோப்பு ஓடாது. கம்பைல் ஆகும்போதே லிங்க்கர் ஒரு சாதாரண கையெழுத்து போட்டுவிடும். பிறகு இன்ஸ்டால்_நேம்_டூல் கொண்டு பாதையை மாற்றினால் அது செல்லாமல் போகும். இம்போர்ட் செய்ததும் "கில்ட்: 9" என்ற ஒற்றை வரியோடு பைத்தான் மறைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிலோகேட் மறு கையெழுத்தையும் தானே போட்டுவிடும். கையால் பாதை மாற்றியிருந்தால் கோட்சைன் --ஃபோர்ஸ் --சைன் - என்று கொடுங்கள். கடைசியாக ஓடூல் -எல் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்று எங்காவது தெரிந்தால் அந்த வீல் உங்கள் கணினிக்கு வெளியே ஓடாது.

விண்டோஸ்: காணாமல் போகும் டிஎல்எல்

"டிஎல்எல் லோட் ஃபெயில்ட் வைல் இம்போர்ட்டிங்" என்ற செய்தி தவறான திசையில் அனுப்பிவிடும். காணவில்லை என்று அது சொல்வது பெரும்பாலும் உங்கள் பிஒய்டி கோப்பை அல்ல, அது தேடும் இன்னொரு டிஎல்எல்லை (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பை). எது என்பதை அந்தச் செய்தி சொல்லாது. விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் கருவியை /டிபென்டன்ட்ஸ் என்று ஓட்டினால் பட்டியல் கிடைக்கும்.

பைத்தான் 3.8 முதல், எக்ஸ்டென்ஷனுக்கான டிஎல்எல்களைப் பாத் மாறியில் தேடுவதில்லை. டிஎல்எல் இருக்கும் கோப்புறையைப் பாத்தில் சேர்க்கச் சொல்லும் பழைய அறிவுரைகள் அதனால் இப்போது பலிக்காது. ஓஎஸ்.ஆட்_டிஎல்எல்_டைரக்டரி மூலம் கோப்புறையைச் சொல்ல வேண்டும். டெல்வ்வீல் கருவி டிஎல்எல்களை வீலுக்குள் நகலெடுத்து, இந்த வரியையும் சேர்த்துத் தந்துவிடும்.

சி++இல் எழுதினால் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள். விசிரன்டைம்140.டிஎல்எல் பைத்தானோடு வரும், எம்எஸ்விசிபி140.டிஎல்எல் வராது. டெவலப்பர் கணினிகளில் அது எப்படியும் இருப்பதால் கோளாறு உங்களுக்குத் தெரியாது, புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில்தான் வெளிப்படும்.

நிரலிலேயே ஒளிந்திருக்கும் பொறி: 64 பிட் விண்டோஸில் சி மொழியின் லாங் 32 பிட்தான். லினக்ஸிலும் மேக்கிலும் 64. 2147483647க்கு மேல் போகும் எண்ணை லாங்கில் வைத்தால், கம்பைல் ஆகும், இம்போர்ட் ஆகும், விடை மட்டும் தப்பாக வரும். அளவுகளுக்கு பிஒய்_எஸ்சைஸ்_டியும் மற்றவற்றுக்கு இன்ட்64_டியும் எழுதிப் பழகுங்கள்.

வீல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது

ஐந்து பைத்தான் பதிப்புகள், எட்டு இயங்குதள வகைகள் என்றால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 40 வீல்கள். நிலையான ஏபிஐயைப் பயன்படுத்தினால் அது எட்டாகும். ஏபிஐ3 டேக் உள்ள வீல், குறித்த பதிப்பிலும் அதற்குப் பிந்தைய சிபைத்தான் 3 பதிப்புகளிலும் ஓடும்.

இதற்கு, பேக்கேஜைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸில் மூன்று இடங்களில் சொல்ல வேண்டும். சி நிரலில் பிஒய்_லிமிடெட்_ஏபிஐ மேக்ரோ, 3.10க்கு அதன் மதிப்பு 0எக்ஸ்030ஏ0000. எக்ஸ்டென்ஷன் வரையறையில் பிஒய்_லிமிடெட்_ஏபிஐ=ட்ரூ. பிடிஸ்ட்_வீல் அமைப்பில் சிபி310. முதலாவதை மறந்து மற்ற இரண்டையும் போட்டால், ஏபிஐ3 என்று பெயர் வைத்த சாதாரண வீல் கிடைக்கும். அடுத்த பைத்தான் பதிப்பில் அது நினைவகத்தைக் குழப்பி கிராஷ் ஆகலாம். ஏபிஐ3ஆடிட் கருவியால் ஒவ்வொரு வீலையும் சோதியுங்கள்.

இதற்கு விலையும் உண்டு. வேகத்துக்காக எழுதிய சில மேக்ரோக்கள் கிடைக்காது. பஃபர் புரோட்டோகால் 3.11 முதல்தான் இதில் சேர்ந்தது. சி++ நிரலைப் பைத்தானோடு இணைக்கும் கருவிகளில் பைபைண்ட்11 இதை ஆதரிப்பதில்லை, நானோபைண்ட் 3.12 முதல் ஆதரிக்கிறது; ரஸ்ட்டின் பைஓ3இல் ஒரு அமைப்பைத் திறந்தால் போதும். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடும் ஃப்ரீ-த்ரெடட் பைத்தானுக்கு, அதாவது 3.13டி, 3.14டிக்கு, ஏபிஐ3 வீல் ஓடாது. தனி வீல் வேண்டும்.

நம்பையின் சி ஏபிஐயைப் பயன்படுத்துகிறீர்களா? பைபுராஜெக்ட்.டாமல் கோப்பின் பில்ட் தேவைகளில் நம்பை 2.0 அல்லது அதற்கு மேல் என்று எழுதுங்கள். 2ஐ வைத்துக் கட்டியது நம்பை 1 வரிசையின் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும். 1ஐ வைத்துக் கட்டியது 2இல் ஓடாது.

கட்டி, சோதித்து, ஏற்றுவது

இத்தனையையும் கையால் செய்ய வேண்டாம். சிஐபில்ட்வீல் கருவி ஒவ்வொரு பைத்தானையும் இறக்கி, கட்டி, ரிப்பேர் செய்து, தனிச் சூழலில் நிறுவிச் சோதிக்கும். லினக்ஸ் வீல்களுக்கு டாக்கர் இருந்தால் போதும். மேக் வீலுக்கு மேக்கும் விண்டோஸ் வீலுக்கு விண்டோஸும் வேண்டும். அதனால்தான் பெரும்பாலோர் இதை, தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சேவைகளில் ஓட்டுகிறார்கள். ஏஆர்எம் லினக்ஸை கியூஎமு எமுலேட்டர் வழியாகக் கட்டினால் பல மடங்கு தாமதமாகும். அசல் ஏஆர்எம் கணினி கிடைத்தால் அதை எடுங்கள். விண்டோஸில் ரிப்பேர் கட்டளையாக டெல்வ்வீல் உண்மையிலேயே ஓடுகிறதா என்று லாகில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட்-கமாண்ட் அமைப்பைக் காலியாக விடாதீர்கள். ஒரு இம்போர்ட்டும் ஒரு ஃபங்ஷன் அழைப்பும் இருந்தாலே மேலே சொன்ன பிழைகளில் பலவும் பிடிபடும். சோதனையை மூலக் கோப்புறைக்குள் நின்று ஓட்டினால், நிறுவிய பேக்கேஜுக்குப் பதில் பக்கத்தில் கிடக்கும் கம்பைல் ஆகாத கோப்புறையையே பைத்தான் இம்போர்ட் செய்யும். எஸ்ஆர்சி கோப்புறைக்குள் பேக்கேஜை வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

எஸ்டிஸ்ட்டும் அவசியம், நீங்கள் வீல் தராத கணினிகளுக்கு அதுவே வழி. அதில் அடிக்கடி விடுபடுவது .எச் ஹெடர் கோப்புகள். மேனிஃபெஸ்ட்.இன் கோப்பில் ரிகர்சிவ்-இன்க்ளூட் எஸ்ஆர்சி *.எச் என்று சேருங்கள். பைத்தான் -எம் பில்ட் என்று மட்டும் கொடுத்தால், முதலில் எஸ்டிஸ்ட்டை உருவாக்கி அதிலிருந்தே வீலைக் கட்டும். ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் பைபிஐயின் சோதனைத் தளமான டெஸ்ட்பைபிஐக்கு ஏற்றிப் பாருங்கள். பைபிஐயில் ஒரு கோப்புப் பெயரை ஒருமுறை பயன்படுத்தினால், அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. ஒரு கோப்புக்கு இயல்பான வரம்பு 100 எம்பி. வீல்களை முதலிலும் எஸ்டிஸ்ட்டைக் கடைசியிலும் ஏற்றுங்கள். எஸ்டிஸ்ட் முன்னால் போனால், அந்த இடைவெளியில் நிறுவுகிற எல்லோரும் கம்பைல் பிழையில் மாட்டுவார்கள்.

வீலுக்குள் மற்றவரின் லைப்ரரியைச் சேர்த்திருந்தால் அதன் உரிமக் கோப்பையும் சேருங்கள். அந்த லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால், பயனரின் இயங்குதளப் புதுப்பிப்பு உங்கள் வீலுக்குள் இருக்கும் நகலைத் தொடாது. நீங்கள்தான் புதிய வெளியீடு போட வேண்டும். எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கும் குறித்து வையுங்கள்.

ஏற்றி முடித்ததும், கம்பைலரே இல்லாத சுத்தமான கணினியிலோ கண்டெய்னரிலோ --நோ-கேஷ்-டிர் --ஒன்லி-பைனரி=:ஆல்: இரண்டையும் கொடுத்து மூன்று இயங்குதளங்களிலும் ஒருமுறை நிறுவுங்கள். ஒரு வீல் மட்டும் கெட்டிருந்தாலும் வெளியீட்டை அழிக்க வேண்டாம், யாங்க் செய்யுங்கள். அந்தப் பதிப்பைத் துல்லியமாகக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும். மற்றவர்களுக்கு பிப் அதைத் தாண்டிவிடும். திருத்திய வீலை 1.4.1 என்று வெளியிடுங்கள்.